பேக்கப் போய்ச் சேர்ந்தது, எடை போட்டீர்களா?

பொங்கலூர் பக்கத்து நூல் மில்லிலிருந்து டெலிவரி சலான் (டி.சி.) இல்லாமல் ஒரு லாரி கேட்டைத் தாண்டாது. திருப்பூரில் இறக்கும்போதும் மூட்டையை எண்ணி, எடை பார்த்த பிறகுதான் கையெழுத்து. அதே மில்லின் கணக்கும் ஆர்டரும் சம்பளப் பட்டியலும் அடங்கிய டேட்டாபேஸ் பேக்கப், இரவில் ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எண்ணுவாரும் இல்லை, எடை பார்ப்பாரும் இல்லை. சில தவறான நம்பிக்கைகள்தான் காரணம்.

நம்பிக்கை: ஃபைலுக்கு பாஸ்வேர்டு இருக்கிறது, யாரிடம் சிக்கினாலும் கவலையில்லை.

உண்மை: 2007 அக்டோபரில் பிரிட்டன் வரித்துறை, குழந்தைகள் உதவித்தொகை பெறும் குடும்பங்களின் விவரங்களை இரண்டு குறுந்தகடுகளில் ஏற்றி லண்டன் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பியது. அவை போய்ச் சேரவே இல்லை. 2.5 கோடிப் பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, பலரின் வங்கிக் கணக்கு எண் எல்லாம் அவற்றில் இருந்தன. பாஸ்வேர்டு போட்டிருந்தார்கள், குறியாக்கம் செய்யவில்லை. துறைத் தலைவர் பதவி விலகினார்.

பேக்கப்பை அனுப்பும் முன்பே குறியாக்கம் செய்துவிட வேண்டும். அனுப்பும் சர்வரில் பூட்டும் சாவி மட்டும் இருக்கட்டும். திறக்கும் சாவி வேறிடத்தில், நம்பிக்கையான இருவர் பொறுப்பில் இருக்கட்டும். அது தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்தது என்பதால்தான் இருவர் என்கிறேன்.

நம்பிக்கை: இரண்டும் நம்ம சர்வர்தானே, எஃப்.டி.பி.யே போதும்.

உண்மை: ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஃப்.டி.பி., உங்கள் பாஸ்வேர்டை அப்படியே திறந்த தபால் அட்டைபோல அனுப்புகிறது. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படிப் போன பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அதைத் தடுக்கத்தான் ஆராய்ச்சியாளர் டாட்டு யூலோனன், இணைப்பையே குறியாக்கம் செய்யும் எஸ்.எஸ்.எச்.சை எழுதினார். அதன் மேல், ஃபைல் அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி.யோ ஆர்சிங்க்கோ ஓடட்டும். முதல்முறை இணையும்போது எதிர்ச் சர்வரின் கைரேகைபோல ஒரு வரி காட்டி, 'சம்மதமா' என்று கேட்கும். படிக்காமல் சம்மதம் சொல்லிவிடாதீர்கள். அந்த முனையில் இருப்பவருக்குப் போன் போட்டு, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அனுப்பும் சர்வருக்கு, எதிர்முனையில் உள்ள பழைய பிரதிகளை அழிக்கும் அதிகாரமும் வேண்டாம்; அதைக் கைப்பற்றுபவர் பேக்கப்பையும் அழித்துவிடலாம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் 5 சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் டேட்டாவை ஹேக்கர்கள் பூட்டிவிட்டார்கள். பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால்தான் நோயாளிகளின் விவரங்கள் திரும்பக் கிடைத்தன.

நம்பிக்கை: தினமும் தானாகப் போகிறது, பார்க்கத் தேவையில்லை.

உண்மை: என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால் அந்த இடம் காலி. டேட்டாபேஸ் ஒரு பதிப்பு, பேக்கப் மென்பொருள் வேறு பதிப்பு. பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. 6 மணி நேரம் முன்பு ஒருவர் வேறு வேலைக்காக எடுத்து வைத்த பிரதிதான் காப்பாற்றியது. அதைத் திரும்ப நகலெடுக்கவே ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது.

அதனால் போய்ச் சேர்ந்ததைச் சரிபாருங்கள். இரு முனையிலும் பேக்கப் ஃபைலுக்கு எஸ்.எச்.ஏ.-256 என்ற சரிபார்ப்புக் குறியைக் கணக்கிட்டால் 64 எழுத்தில் ஒரு விடை வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வழியில் எதுவும் சிதையவில்லை. அதுதான் எடை மேடை. ஆனால் உள்ளே நூல் இருக்கிறதா கழிவுப் பஞ்சு இருக்கிறதா என்பது மூட்டையைப் பிரித்தால்தான் தெரியும்.

நம்பிக்கை: இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு.

உண்மை: கணக்கைக் கணினியில் வைத்திருக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி எதுவானாலும், இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் பேக்கப் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனிகள் கணக்கு விதி திருத்தப்பட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமை, தொலைவில் இருக்கும் அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து, போன மாத டி.சி. ஒன்றைத் தேடிப் பாருங்கள்.