கெர்னலில் ஒரு வரி மாறினால்...

புதிய கம்ப்யூட்டர் வாங்கி அதில் உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸ் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் சில நாட்களிலேயே, அப்டேட் பட்டியலில் 'கெர்னல்' என்ற பெயரும் அதன் பின்னால் 6.1.66 என்பது போல ஓர் எண்ணும் வந்திருக்கும். நாமும் 'சரி' என்று கிளிக் செய்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். அந்தக் கிளிக்கிற்கு முன்னால் என்னென்ன நடந்திருக்கும் என்று பார்ப்போமா?

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நடுப்பகுதிதான் கெர்னல். புரோகிராம்களுக்கும் ஹார்ட்வேருக்கும் இடையே நின்று வேலை வாங்குவது இதுதான். விண்டோஸிலும் கெர்னல் உண்டு. ஆனால் அதில் செய்யும் மாற்றங்களை மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்குள்ளேயே பார்த்துக்கொள்கிறார்கள். லினக்ஸில் எல்லாம் வெளிப்படையாக நடப்பதால் நாமும் எட்டிப் பார்க்கலாம்.

பேட்ச் என்றால் என்ன?

கெர்னலில் செய்ய விரும்பும் மாற்றத்தை ஒரு புரோகிராமர் 'பேட்ச்' என்ற வடிவில் அனுப்புவார். நீக்கும் வரிகளின் முன்னால் கழித்தல் குறியும், சேர்க்கும் வரிகளின் முன்னால் கூட்டல் குறியும் இருக்கும். ஏன் இந்த மாற்றம் என்ற விளக்கமும் உடன் வரும். அந்தப் பகுதியின் பொறுப்பாளர் அதைப் படித்து, கேள்வி கேட்டு, பல முறை திருப்பியும் அனுப்பிவிடுவார். ஏற்கப்பட்ட பேட்ச்சின் அடியில் எழுதியவர், சரிபார்த்தவர், சோதித்தவர் பெயர்கள் இருக்கும். எழுதியவர் கையெழுத்து போடும் இந்த வழக்கம் 2004-ல் வந்தது. நம் ஊர்ப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து போடுவது போலத்தான்.

இப்படிச் சரிபார்ப்பதில் மிகவும் கவனம் தேவைப்படும் இரண்டு இடங்கள் ஸ்டோரேஜ் டிரைவர்களும் நேரக் கணக்கும். ஒலி டிரைவரில் தவறு இருந்தால் பாட்டு கேட்காது, அவ்வளவுதான். டிஸ்க் டிரைவரில் தவறு இருந்தால் பிள்ளையின் முதல் பிறந்தநாள் போட்டோ போய்விடும். நேரக் கணக்கில் தவறு இருந்தாலோ, பல மாதங்கள் வரை ஒன்றும் தெரியாது!

டிஸ்க்கும் கடிகாரமும்

இவை இரண்டும் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. 'இந்தத் தகவலை எழுது' என்று ஹார்ட் டிஸ்க்கிற்குக் கட்டளை கொடுத்துவிட்டு, கெர்னல் பொதுவாக 30 வினாடி வரை காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க்கை ரீசெட் செய்து பார்க்கும். 30 வினாடி ஆனது அதற்கு எப்படித் தெரியும்? 'ஜிஃபி' என்ற கணக்கு எண் வினாடிக்கு 100, 250 அல்லது 1000 முறை ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். அதைப் பார்த்துத்தான்.

32 பிட் கம்ப்யூட்டரில் அந்த எண் 4,294,967,295 வரைதான் போக முடியும். அதன் பிறகு மீண்டும் பூஜ்யம், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் போல. வினாடிக்கு 1000 என்றால் சுமார் 49.7 நாளில் இது நடக்கும். விண்டோஸ் 95, 98 ஆகியவை 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் நின்றுபோகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். காரணம் இதே போன்ற ஒரு மில்லிவினாடிக் கணக்குதான். (அந்த நாளில் விண்டோஸ் 98-ஐ 49 நாள் நிறுத்தாமல் ஓட்டியவர் யார் என்று கேட்காதீர்கள்.)

ஆக, டிரைவர் எழுதுபவர் 'இப்போதைய எண், கெடு எண்ணை விடப் பெரியதா?' என்று நேரடியாக ஒப்பிட்டு எழுதினால், எண் பூஜ்யத்திற்குத் திரும்பும்போது கணக்கு தப்பிவிடும். பதில் தர நேரம் இருக்கும்போதே டிஸ்க் செத்துவிட்டதாக முடிவு செய்யலாம், அல்லது செத்த டிஸ்க்கிற்காக நாள்கணக்கில் காத்திருக்கலாம். இதற்கென்றே கெர்னலில் தனி ஒப்பீட்டு வழி இருக்கிறது. பேட்ச்சில் அது இல்லையென்றால் சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

கண்ணில் படாமல் தப்பிவிட்டால்? அதற்கும் லினக்ஸில் ஒரு தந்திரம் செய்து வைத்திருக்கிறார்கள். கணக்கு பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்த ஐந்தே நிமிடத்தில் 32 பிட் எல்லையைத் தாண்டும்படி முன்கூட்டியே ஓர் எண்ணில் தொடங்குகிறது. 49 நாள் கழித்து வரவேண்டிய தவறு, டிரைவர் எழுதியவர் காபி குடித்து முடிப்பதற்குள் வந்து நின்றுவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஒரு வினாடி செய்த வேலை

பூமி சுழலும் வேகம் சீராக இல்லாததால், உலக நேரத்தில் எப்போதாவது ஒரு லீப் வினாடி சேர்ப்பார்கள். கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31-ல். அதற்கு முன் 2012 ஜூன் 30 நள்ளிரவில், நமக்கு ஜூலை 1 காலை 5.30 மணிக்கு, ஒரு வினாடி சேர்க்கப்பட்டது. உடனே உலகம் முழுவதும் பல லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் பிராசசர் முழு வேகத்தில் ஓடத் தொடங்கியது. ரெட்டிட் தளம் தடுமாறியது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பயர்பாக்ஸும் சிக்கியது.

காரணம் எளிமையானது. கெர்னலின் கடிகாரப் பகுதி ஒரு வினாடி பின்னால் போனது. ஆனால் அதை டைமர் பகுதிக்குச் சொல்லவில்லை. அதனால் டைமர் பகுதி ஒரு வினாடி முன்னாலேயே இருந்தது. 'அரை வினாடி தூங்கு' என்ற புரோகிராம்களை எல்லாம் உடனே எழுப்பிவிட்டது. எழுந்தவை மறுபடி தூங்கப் போக, மறுபடி எழுப்ப... இதற்குப் பலர் கண்ட கைவைத்தியம் வேடிக்கையானது. கம்ப்யூட்டரில் இருக்கும் அதே நேரத்தை மீண்டும் ஒரு முறை செட் செய்தார்கள், சரியாகிவிட்டது! நேரத்தை செட் செய்யும் வழியில் டைமர் பகுதிக்குத் தகவல் போய்விடும் என்பதுதான் விஷயம். நிரந்தரத் தீர்வுக்கு அந்தத் தகவலை அனுப்பும் வரியை அப்படியே சேர்க்கவும் முடியவில்லை. லீப் வினாடி சேரும் அந்தத் தருணத்தில் அதை அழைக்கக் கூடாது. சற்றுத் தள்ளி அழைக்கத் தனி வழி எழுத வேண்டியிருந்தது.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்கள் விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தால் பயப்பட வேண்டாம். அது கெர்னலில் உள்ள தவறு அல்ல. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தையும், விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் வைக்கின்றன.

சுத்தம் செய்யப் போய்...

2021 பிப்ரவரி இறுதியில் 5.12 கெர்னலின் முதல் சோதனைப் பதிப்பு வந்தது. சில நாட்களில் லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் பெயரோடு 'பயன்படுத்தாதே' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லை ஒட்டிவிட்டார். நடந்தது இதுதான். ராம் போதாதபோது கெர்னல் அதில் உள்ளதைத் தற்காலிகமாக டிஸ்க்கில் எழுதும். இதற்கு ஸ்வாப் என்று பெயர். தனிப் பார்ட்டிஷனில் ஸ்வாப் வைத்தவர்களுக்கு எழுதும் இடம் அதன் தொடக்கம்தான். ஸ்வாப்பை ஒரு பைலாக வைத்தவர்களுக்கோ, பைல் டிஸ்க்கின் நடுவில் எங்கோ இருக்கும். அந்த இடத்தையும் கணக்கில் கூட்ட வேண்டும். கோடை எளிமையாக்கிய ஒரு மாற்றத்தில் இது விட்டுப்போனது. ஸ்வாப் தகவல் மற்ற பைல்களின் மேல் போய் விழுந்தது. பார்த்தால் சாதாரணச் சுத்தப்படுத்தல்தான். படித்தவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அது சோதனைப் பதிப்பு என்பதால் பொதுமக்கள் தப்பித்தார்கள். 2023 டிசம்பரில் அப்படி இல்லை. புதிய கெர்னலில் செய்த ஒரு திருத்தத்தைப் பழைய 6.1 வரிசைக்கும் கொண்டுவந்தபோது, அதற்கு முன் வந்திருக்க வேண்டிய இன்னொரு திருத்தம் விடுபட்டது. 6.1.64-ல் இஎக்ஸ்டி4 பைல் சிஸ்டத்தில் தகவல் கெடும் அபாயம் ஏற்பட்டது. டெபியன் குழு 12.3 வெளியீட்டை நிறுத்தி, சரிசெய்த கெர்னலுடன் டிசம்பர் 10-ல் 12.4-ஐ வெளியிட்டது. இத்தனைக்கும் அந்தத் திருத்தம் தனியாகப் பார்த்தால் சரியானதுதான்!

உங்கள் வீட்டில்

உபுண்டுவும் டெபியனும் புதிய கெர்னலை நிறுவும்போது பழையதையும் வைத்திருக்கும். புதியதில் கோளாறு என்றால், பூட் ஆகும்போது வரும் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' தேர்வு செய்து பழைய எண்ணுள்ள கெர்னலில் நுழையலாம். ஆனால் அப்படிச் செய்தால் கெர்னல்தான் பழையதாகும், கெட்டுப்போன பைல் திரும்பி வராது. ஆகவே கெர்னல் அப்டேட்டுக்கு முன் முக்கியமான பைல்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள்.