ஏரிச் சாலையில் இரண்டு பாடங்கள்

பழம்பெரும் ஊர்களைக் காணச் செல்வோர் கோபுரத்தையும் சிற்பத்தையும் கண்டு திரும்பிவிடுதல் வழக்கம். பஞ்சாயத்துப் பொறுப்பை ஏற்றுள்ள நமக்கு அது போதாது. மதுராந்தகத்தில் தொடங்கி, வேடந்தாங்கல் வழியாக உத்திரமேரூர் செல்லும் பாதையை ஒரே நாளில் பார்த்து வரலாம். ஏரியைக் காப்பது எவ்வாறு, அதற்குரியவரைத் தேர்வது எவ்வாறு என்னும் இரண்டு பாடங்கள் அங்கு உள்ளன.

மதுராந்தகத்தில் கோயில் கொண்டுள்ள இராமருக்கு 'ஏரி காத்த இராமர்' என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருமழையால் கரை உடையும் நிலை வந்தபோது, இராமரும் இலக்குவரும் வில்லேந்திக் காவல் நின்றதைக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்டார் என்பது ஊரார் கூறும் வரலாறு. ஏரியின் கரையே ஊரின் உயிர் என்று நம் முன்னோர் கருதியமைக்கு இப்பெயரே சான்று.

அங்கிருந்து வடமேற்கே உள்ளது வேடந்தாங்கல். மழைக்காலத்திற்குப் பின் நத்தைகொத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் ஏரியிலுள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது. இப்பயனை அறிந்த ஊரார், தலைமுறை தலைமுறையாகப் பறவைகளை வேட்டையாடாமல் காத்து வந்துள்ளனர். பயனை உணர்ந்த மக்களே சிறந்த காவலர் என்பது இங்கு விளங்கும்.

முடிவில் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றின் ஆண்டுகள் 919, 921. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். சம்வத்சர வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் இடப்படாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை.

இம்முறையைப் புகழும்போது அதன் குறையையும் மறைத்தலாகாது. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் பொதுவாக வேண்டப்பட்டன. நிலமற்ற உழவருக்கும் பெண்களுக்கும் அச்சபையில் இடமில்லை. இன்றோ வயது வந்த யாவருக்கும் வாக்கு உண்டு. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. இதில் நாம் முன்னோரை விஞ்சினோம். கணக்குக் காட்டுவதில் விஞ்சினோமா என்பதே நம்மை நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஆகவே, இவ்வூர்களுக்குச் சென்று வரும் உறுப்பினர்கள், அடுத்த கிராம சபையில் மூன்று காரியங்களைச் செய்தல் நலம். ஊர் ஏரியின் எல்லையையும் வரத்துக்கால்களையும் கிராம வரைபடத்துடன் ஒப்பிட்டு ஆக்கிரமிப்பைக் கண்டறிதல். ஏரி வேலையின் வரவுசெலவை யாவரும் அறியப் படித்துக் காட்டுதல். ஊர்க் கோயிற் சுவரிலுள்ள எழுத்துகள் மீது சுண்ணாம்பும் வர்ணமும் பூசாமல் காத்தல். எழுத்து அழிந்தால் கணக்கு மறையும். கரை அழிந்தால் ஊரே மறையும்.