நமக்கு அடுத்தவர் யார்?



‘அடுத்தவர் யார்?’ என்று கேட்டால் லயத்தில் இருக்கும் நாம் சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுவோம். ஒரே கூரை, ஒரே சுவர். அடுத்த காம்பராவில் பிள்ளை இருமினால் நமக்குக் கேட்கும். அடுப்பு எரியவில்லை என்றாலும் தெரிந்துவிடும். இவ்வளவு நெருக்கமாக இருப்பதாலேயே பீலித் தண்ணிக்கும் கோழிக்கும் சண்டை வந்துவிடுகிறது. வருசக் கணக்காகப் பேச்சில்லாத வீடுகளும் உண்டு. தன்னைப் போலப் பிறரையும் நேசிக்க வேண்டும் என்ற கட்டளையை இப்படிப்பட்ட இடத்தில் எப்படிக் கைக்கொள்வது? இதுவே நமது இம்மாதப் பாடம்.

வேதம் சொல்லும் கதை

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஒரு வேத அறிஞர் இயேசுவிடம் இதே கேள்வியைக் கேட்கிறார். இயேசு ஒரு கதையைப் பதிலாகச் சொல்கிறார். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறக்குறைய 27 கிலோமீற்றர். சுமார் 1000 மீற்றர் இறக்கமான, ஆளரவமற்ற மலைப் பாதை. அந்த வழியில் போன ஒருவனைக் கள்வர் அடித்துக் குற்றுயிராகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆசாரியன் ஒருவன் வந்தான், பார்த்தான், விலகிப் போனான். லேவியனும் அப்படியே போனான். மூன்றாவதாக வந்தவன் ஒரு சமாரியன். யூதர் எருசலேமில் வழிபட்டார்கள். சமாரியர் கெரிசீம் மலையில் வழிபட்டார்கள். இரு சாராருக்கும் ஆகாது. நம் பேச்சில் சொன்னால், ‘அவுங்க வீட்டுத் தண்ணிகூட வேணாம்’ என்கிற பகை.

அவன் செய்தது என்ன?

அற்புதம் ஒன்றும் செய்யவில்லை. நின்றான், கிட்டப் போனான். காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். தன் மிருகத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியக் காசு கொடுத்தான். ஒரு தெனாரியம் என்பது அந்நாளில் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். நம் கணக்கில் இரண்டு நாள் பேர்! மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான்.

கதை முடிந்ததும் இயேசு கேள்வியையே திருப்பிப் போடுகிறார். அந்த மூவரில் அடிபட்டவனுக்கு அடுத்தவனாக நடந்துகொண்டது யார் என்று கேட்கிறார். ஆகவே ‘எனக்கு அடுத்தவர் யார்?’ என்று ஆளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ‘நான் யாருக்கு அடுத்தவனாக இருக்கிறேன்?’ என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

சாதாரண நாளில்

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது நாடெங்கிலுமிருந்து உதவி வந்தது. பெரிய துன்பம் என்றால் எல்லாரும் ஓடி வருவோம். ஒன்றும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கிறோம்? நம்முடைய அன்புக்குச் சோதனை அங்கேதான். நாம் செய்யக்கூடியவை சில:

1. காய்ச்சலில் படுத்திருப்பவரிடம் ‘ஏதாச்சும் வேணுமா?’ என்றால் ‘ஒண்ணும் வேணாம்’ என்றுதான் சொல்வார். கேட்காமலே ஒரு கோப்பை கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்போம்.

2. மலையில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இருந்தால், கொழுந்து நிறுக்கும் இடம் வரை அவள் சுமையை நாம் தூக்குவோம்.

3. எழுத்து வாசனை இல்லாத முதியவருக்குச் சேமலாப நிதிக் கடிதம் வந்தால் பொறுமையாக வாசித்துச் சொல்வோம். வாசித்ததை வெளியே பேசாமல் இருப்பதும் அன்புதான்.

4. பேச்சில்லாத வீட்டுப் பிள்ளை மழையில் நனைந்துகொண்டு பாடசாலைக்குப் போனால் குடைக்குள்ளே கூப்பிடுவோம். பெரியவர்கள் சண்டையில் பிள்ளைக்குப் பங்கில்லை.

இதெல்லாம் சின்னக் காரியம்தானே என்று நினைக்க வேண்டாம். சிறியவர் ஒருவருக்குக் கொடுத்த ஒரு கோப்பை தண்ணீருக்கும் பலன் உண்டு என்றே இயேசு சொல்லியிருக்கிறார் (மத்தேயு 10). கதையில் உதவியவன் வேறு வழிபாட்டுக்காரன் என்பதையும் மறவாதிருப்போம். கோயிலுக்குப் போகிறவரானாலும் சர்ச்சுக்குப் போகிறவரானாலும் இப்பாடம் நம் எல்லாருக்கும் உரியது.

வீட்டில் பேசிப் பார்ப்போம்

அ. ஆசாரியனும் லேவியனும் விலகிப் போக என்ன காரணம் இருந்திருக்கும்? அதே காரணத்தை நாம் எப்போது சொல்கிறோம்?

ஆ. நம் லயத்தில் யார் வீட்டுக்கு யாருமே போவதில்லை?

இ. இந்தக் கிழமை அந்த வாசலுக்கு முதலில் போகப் போவது யார்?