தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு?

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேரன் சரித்திரப் புத்தகத்தோடு வந்தான். "1857-ல் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா என்று சிப்பாய்கள் கொதித்தார்களே தாத்தா, தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு?" என்று கேட்டான். பாடத்தில் அதற்குப் பதில் இல்லை. ரயில்வே பட்டறையில் மைக்ரோமீட்டரோடு காலம் கழித்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பட்டறையில் பொருத்தம் இரண்டு வகை. பேரிங்குக்குள் அச்சுத்தண்டு சுழல வேண்டும். ஆகவே சிறு இடைவெளி விடுவோம். சக்கரம் அதே தண்டில் அசையாமல் இருக்க வேண்டும். ஆகவே துளையைவிடத் தண்டைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றுவோம்.

1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் ஈயக் குண்டுக்கு இந்த இரண்டு பொருத்தமும் தேவைப்பட்டன. குழல் வாய் வழியாக நுழைக்கும்போது தளர்வாக இருக்க வேண்டும். சுடும்போதோ, குழலின் உட்புறத் திருகுவரிகளை இறுகப் பற்றிச் சுழல வேண்டும். சுழன்றால்தான் குறி தப்பாது. குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568. இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. பட்டறை மொழியில் 9 'தௌ'. சுற்றியிருந்த காகிதம் அதைப் பெரும்பாலும் அடைத்தது. வெடித்ததும் குண்டின் குழிந்த அடிப்பகுதி விரிந்து வரிகளைப் பற்றியது.

ஆனால் சில முறை சுட்டதும் மருந்துக் கரி உள்ளே படியும். அந்தச் சிறு இடைவெளியில் உலர்ந்த காகிதம் சிக்கிக்கொள்ளும். அதைத் தவிர்க்கவே கொழுப்பு. பின்னாளில் குண்டை 0.550 அங்குலமாகக் குறைத்தார்கள். கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆனால் கொழுப்பு வந்த வழி இந்த 9 தௌ இடைவெளிதான்.

பின்புறமாகத் தோட்டா போடும் துப்பாக்கிகள் வந்தபின் கணக்கு தலைகீழானது. இன்று வார்ப்பு ஈயக் குண்டை வரிப்பள்ள விட்டத்தைவிட 1 அல்லது 2 தௌ பெரிதாகவே வைக்கிறார்கள். .38 ஸ்பெஷல் ரிவால்வரில் பள்ள விட்டம் சுமார் 0.357 என்றால் குண்டு 0.358. சிறிதாக இருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரிக்கும், குழலில் ஈயம் படியும், குறி சிதறும். ரிவால்வரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: சுழலும் உருளையின் அறை வாய் பள்ள விட்டத்தைவிடக் குறுகலாக இருந்தால், குண்டு குழலை அடையுமுன்பே சிறுத்துவிடும்.

அச்சிலிருந்து வரும் குண்டு எப்போதும் ஒரே அளவாக இராது. ஆன்டிமனி கலந்த ஈயத்தில் சற்றுப் பெரிதாகவும், தனி ஈயத்தில் சற்றுச் சிறிதாகவும் வரும். சரியான துளையுள்ள எஃகு அச்சு வழியாக அழுத்தித் தள்ளி அளவுக்குக் கொண்டுவருவார்கள்.

பெயரை நம்பியும் பயனில்லை. ஈஷாப்பூரிலும் தயாரான .303 லீ-என்ஃபீல்டில் 303 என்பது குழல் துளையின் அளவு. பள்ள விட்டம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி 0.312 முதல் 0.316 வரைகூட மாறும். மெல்லிய ஈயத் துண்டைக் குழலில் தள்ளி எடுத்து, அதை அளந்தே முடிவு செய்ய வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். இது படித்து அறிய மட்டுமே. கற்க வேண்டியது வேறு: மேலே எழுதியிருக்கும் எண்ணை நம்பாதே, அளந்து பார்.