ஏவலும் இயற்றலும்: கணிப்பொறி வலையில் ஓர் இலக்கணம்

கல்லணையைக் கட்டியவன் கரிகாலன் என்கிறோம். ஆயின் கல் சுமந்தவர் பிறர். ஏவியவனை ஏவுதற்கருத்தா என்றும், செய்தவரை இயற்றுதற்கருத்தா என்றும் நம் இலக்கணம் பிரித்துரைக்கும். ஒரு கணிப்பொறி தொலைவிலுள்ள மற்றொன்றை ஏவி வேலை வாங்கும் முறையை விளங்கிக்கொள்ள இப்பாகுபாடே நமக்குத் துணையாகும்.

சேர்வராயன் மலையிலுள்ள வாழவந்தியினர் ஒருவர் டெல்லி சென்று திரும்ப எண்ணுகிறார் எனக் கொள்வோம். மலையில் இரயில் இல்லை. ஆதலால் கீழிறங்கிச் சேலம் சந்திப்பில் முன்பதிவு செய்கிறார். அந்நிலையம் சென்னை மையத்தைச் சார்ந்தது. அவர் திரும்பும் வண்டியின் படுக்கைக் கணக்கோ டெல்லி மையத்தில் இருக்கக்கூடும். முற்காலத்தில் இதற்காகத் தந்தியடித்துக் காத்திருந்தனர்.

இந்திய இரயில்வே 1985இல் டெல்லியில் கணிப்பொறி முன்பதிவைச் சோதனை முறையில் தொடங்கியது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 'கான்செர்ட்' என்னும் மென்பொருளால் 1999இல் ஒரே வலையாக இணைந்தன. ஐந்தின் கணக்கையும் ஓரிடத்தில் குவிக்கவில்லை. கணக்கு எங்குளதோ அங்கு வேலையை அனுப்புவதே இதன் நெறி. சென்னை ஏவுகிறது, டெல்லி இயற்றுகிறது, விடை மட்டும் சேலத்திற்குத் திரும்புகிறது.

இங்கு ஓர் இடர் உண்டு. ஏவல் சென்றபின் இணைப்பு அறுந்தால், வேலை முடிந்ததா இல்லையா என்பதை ஏவிய பொறி அறியாது. முடிந்தது எனக் கருதிச் சீட்டு அளித்தால், இல்லாத படுக்கைக்குப் பணம் பெற்றதாகும். முடியவில்லை எனக் கருதி மீண்டும் ஏவினால், ஒருவருக்கே இரு படுக்கைகள் பதிவாகலாம். எனவே ஒவ்வோர் ஏவலுக்கும் தனி அடையாள எண் இடுதல் வேண்டும். அதே எண் மீண்டும் வந்தால், இயற்றும் பொறி வேலையைத் திரும்பச் செய்யாது பழைய விடையையே அனுப்பும். மேலும், ஒரு பணி பல மையங்களைத் தொடுமாயின், எல்லாவற்றிலும் முற்றுப்பெற வேண்டும். இன்றேல் எதிலும் நிகழாதது போல் நீக்கப்பட வேண்டும்.

பயணி தந்த பணம் ஓர் அமானிதம். தொலைவிலுள்ள பொறி பிழைத்தது என்று கூறி ஏவியவர் விலகிக்கொள்ள இயலாது. வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைத்தல் ஆகாது. வலையமைப்பைக் கற்கும் மாணவர் முதற்கண் மனங்கொள்ள வேண்டுவது இதுவே.