ஜெரெஜாக் தீவு: ஒதுக்கப்பட்டோரின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாறு ஆண்டோரின் வரலாறு மட்டுமன்று. ஒதுக்கி வைக்கப்பட்டோரின் வாழ்வும் அதில் அடங்கும். இதை உணர்த்தும் இடங்களுள் ஒன்று, ஜார்ஜ்டவுன் நகருக்குத் தெற்கே, பினாங்கின் கிழக்குக் கரையை அடுத்துள்ள ஜெரெஜாக் தீவு.

'பெருநோய்' என்று மக்கள் அஞ்சிய தொழுநோய்க்கு அக்காலத்தில் தகுந்த மருந்து இல்லை. எனவே 1871 ஆம் ஆண்டு இத்தீவில் தொழுநோயாளர் இல்லம் திறக்கப்பட்டது. நோய் கண்டோர் குடும்பத்தை விட்டுப் பிரிந்து, கடல் சூழ்ந்த இடத்தில் காலங்கழித்தனர்.

பின்னர், இதே தீவில் குடியேறிகளுக்கான நோய்த்தடுப்பு முகாமும் அமைந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலின் மேல்தளத்தில் பயணம் செய்து வந்த தொழிலாளர்கள், அம்மை, வாந்திபேதி முதலியவை பரவாதிருக்க இங்கே தங்க வைக்கப்பட்டனர். அதன் பின்னரே கங்காணியுடன் தோட்டங்களுக்குச் சென்றனர். 1910 இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்ட பின்னும் தொழிலாளர் வரவு நீடித்தது. 1938 இல் இந்திய அரசு விதித்த தடையே அதை நிறுத்தியது. ஆகவே நம் முன்னோர் பலர் மலாயாவில் முதன்முதல் மிதித்த மண் இத்தீவின் மண்ணேயாகும்.

1930 இல் சுங்கை பூலோவில் பெரிய தொழுநோயாளர் குடியிருப்பு தோன்றியது. பள்ளியும் வழிபாட்டுத் தலங்களும் அங்கு இருந்தன; நோயாளிகள் செடிகள் வளர்த்துப் பிழைத்தனர். எனினும், அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுப் பிறர்க்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். நோயினும் கொடிய துயரம் இதுவே. ஜெரெஜாக் தீவு 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாக விளங்கியது.

தொற்றைத் தடுப்பது அவசியமே. ஆயின் நோயைத் தடுப்பது வேறு, நோயாளியை வெறுப்பது வேறு. 1940 களில் சல்போன் மருந்தும், 1981 இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையும் தொழுநோயைக் குணப்படுத்தும் வழியைத் தந்தன. குணமடைந்த பின்னும், வரவேற்பாரின்றிக் குடியிருப்பிலேயே வாழ்ந்து முடிந்தோர் பலர்.

தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படை தோன்றினால், மறைக்காது உடனே மருத்துவரை நாடுக. வீட்டு முதியோரிடம் அவர்தம் பெற்றோர் வந்த கப்பலையும், தங்கிய முகாமையும், சேர்ந்த தோட்டத்தையும் கேட்டு எழுதி வைத்திடுக. அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. நாம் எழுதாவிடில், வேறு யார் எழுதுவார்?