கொழும்புக்கு ஒருநாள்: எங்கே இறங்குவது?

மஹரகம ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகும் ஆள், ஆஸ்பத்திரி இருக்கும் ஊரைப் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கடந்து போய், புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து வந்த ரோட்டிலேயே திரும்பி வருவார். இரத்தினபுரி, அவிசாவளைப் பக்கத்துத் தோட்டங்களில் இது சர்வசாதாரணம். கொழும்பு என்றால் புறக்கோட்டை என்று மனதில் பதிந்து போனதால் வரும் வினை. பஸ்ஸுக்குக் கொடுத்ததைப்போலப் பல மடங்கு ஆட்டோவுக்குப் போய்விடும்.

முதல் நாளே செய்ய வேண்டியவை: அடையாள அட்டை, சில்லறை, தண்ணீர்ப் போத்தல், சோற்றுப் பார்சல். ஆயிரம் ரூபாய் நோட்டோடு விடியற்காலைப் பஸ்ஸில் ஏறாதீர்கள். கண்டக்டர் மிச்சக் காசை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவார். இறங்கும் அவசரத்தில் அது மறந்து போகும்.

எந்த டவுனுக்கு இறங்குவது என்பதை மாவட்டத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. தெரணியகலை, தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை எல்லாம் கேகாலை மாவட்டம்தான், ஆனால் அவர்களுக்கு வாசல் அவிசாவளை. புளத்கோஹுபிட்டியப் பக்கம் இருப்பவர்களும் கரவனெல்லவுக்கு இறங்கி அவிசாவளைக்கு வந்துவிடலாம். கேகாலை டவுனைச் சுற்றி இருப்பவர்களுக்குத்தான் கண்டி ரோடு.

இப்போது முக்கியமான விஷயம். இரத்தினபுரியிலிருந்தோ அவிசாவளையிலிருந்தோ வரும் 122ஆம் இலக்க பஸ் ஹைலெவல் ரோட்டில் கொட்டாவ, மஹரகம, நுகேகொடை, கிருலப்பனை என்று வரிசையாக ஊர்களைத் தொட்டுக்கொண்டே போகிறது. உங்கள் வேலை அந்த வரிசையில் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஏறும்போது "ஹைலெவல் வழியா?" என்று கேட்பது நல்லது. இரத்தினபுரியிலிருந்து ஹொரணைப் பக்கமாகச் சுற்றிப் போகும் பஸ்ஸும் உண்டு.

அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரி என்றால் மஹரகமவில் இறங்குங்கள். அதில் குழப்பமே இல்லை.

பாஸ்போர்ட் என்றால் கொட்டாவவில் இறங்குங்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கொட்டாவவிலிருந்து பொரளைக்குப் போகும் 174ஆம் இலக்க பஸ் பன்னிப்பிட்டிய, தலவத்துகொடை வழியாகப் பத்தரமுல்லைக்கே போகிறது. அங்கே 'சுஹுருபாய' என்ற உயர்ந்த கட்டிடத்தில்தான் குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் ஆட்பதிவுத் திணைக்களமும் இருக்கின்றன. வெளிநாடு போகிறவர்கள் சான்றிதழ்களை உறுதிப்படுத்தும் கொன்சியூலர் பிரிவும் அதே கட்டிடம். ஆகவே அடையாள அட்டை, பாஸ்போர்ட் என்று இரண்டு வேலை இருந்தால் இரண்டு நாள் போகாதீர்கள். இன்னொன்று: கண்டக்டரிடம் "கொட்டாவ" என்று அழுத்திச் சொல்லுங்கள். "கொட்டுவ" என்று அவர் காதில் விழுந்தால் கோட்டைக்கு டிக்கெட் கிழித்துவிடுவார்.

நாரஹேன்பிட்டவில் தொழில் திணைக்களத்துக்குப் போவதென்றால் எனக்கு ரயில்தான் சரி. அதற்கு முன், ஈபிஎஃப் விசாரணையை இரத்தினபுரி, கேகாலை, அவிசாவளை தொழில் காரியாலயங்களில் முடிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குக் கொழும்புப் பயணமே தேவைப்படாது. போயே ஆகவேண்டும் என்றால், நாரஹேன்பிட்ட வழியாகப் போகும் களனிவெளி ரயில் பாதை இருக்கிறது. அதில் ஒரு காலத்தில் இரத்தினபுரி தாண்டி ஓப்பநாயக்க வரை சின்ன ரயில் ஓடியது. இப்போது அவிசாவளையோடு சரி. அங்கிருந்து மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்தால் பஸ்ஸைவிட மலிவு. மஹரகம, நுகேகொடை, நாரஹேன்பிட்ட என்று வேண்டிய இடத்தில் ஸ்டேஷன் உண்டு. ஆமை வேகம் என்பது உண்மைதான். ஆனாலும் காலையில் ஹைலெவல் ரோட்டு நெரிசலில் பஸ் நிற்கும் நேரத்தைக் கணக்கில் எடுத்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

கேகாலை டவுனைச் சுற்றி இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. கண்டி ரோட்டுப் பஸ் கடவத்தை, கிரிபத்கொடை வழியாக நேரே புறக்கோட்டைக்குத்தான் போகும். அங்கிருந்து மஹரகமவுக்கு 138, பத்தரமுல்லைக்கு 190, நாரஹேன்பிட்டவுக்கு 103. போர்டில் ஊர்ப் பெயரைத் தேடிக்கொண்டு நிற்காமல் இலக்கத்தைப் பாருங்கள். பஸ்ஸுக்குப் பதிலாக ரம்புக்கனைக்குப் போய் ரயில் ஏறலாம். ஏசி பஸ் வேண்டவே வேண்டாம், சாதாரணக் கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு. புறக்கோட்டையில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். கோட்டை ரயில் நிலையம், சிடிபி ஸ்டாண்ட், பெஸ்டியன் மாவத்தை தனியார் பஸ் ஸ்டாண்ட் மூன்றும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆட்டோ எடுத்தே ஆகவேண்டும் என்றால் மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் காலை வையுங்கள்.

வேலை சீக்கிரம் முடிந்து பிள்ளைகளும் கூட இருந்தால், கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் வெள்ளவத்தை வரை ஒரு டிக்கெட் எடுங்கள். ஜன்னலோரம் முழுக்கக் கடல். இவ்வளவு குறைந்த காசில் கொழும்பில் வேறெதுவும் கிடைக்காது. காலிமுகத்திடலுக்குக் கோட்டையிலிருந்து நடந்தே போகலாம், ஆனால் உச்சி வெயிலில் வேண்டாம். துணிமணி வாங்குவதாக இருந்தால் மெயின் வீதியையும் குறுக்குத் தெருக்களையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே வாங்கிவிட்டு மூட்டையோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

திரும்பும் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையில் அதே பஸ் கண்டக்டரிடமே கேட்டுவிடுங்கள். அதைத் தவறவிட்டால் டவுனிலிருந்து டிவிசன் வரை ஆட்டோதான். நாள் முழுக்க மிச்சம் பிடித்தது அந்த மலை ஏற்றத்தில் போய்விடும். கடைசி பஸ் நேரத்துக்கு நான்கு மணித்தியாலம் முன்னாலேயே புறக்கோட்டையை விட்டுவிட வேண்டும், மழைக்காலத்தில் ஐந்து. பின்னேரம் ஒஃபிஸ் விடும் நேரத்தில் ஹைலெவல் ரோட்டில் பஸ் அசையாது. அந்த நேரத்தில் மாட்டிக்கொண்டால் அவிசாவளை ரயிலே மேல். மருதானையில் ஏறினால் நின்றுகொண்டுதான் வர வேண்டியிருக்கும். கோட்டைக்கே போய், கொஞ்சம் முந்தியே பிளாட்பாரத்துக்கு இறங்கினால் உட்கார இடம் கிடைக்கும்.